கூட்டம் போட்டால் பலன் வேண்டும்

(வீடமைப்புக் கூட்டுறவுச் சங்க, மாதர் சங்க நிர்வாகிகளுக்கான பயிற்சி வகுப்பில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



கூட்டம் நடத்துவதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "இதுல பேச என்ன இருக்கு, நாங்க போடாத கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான். தோட்டத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கோயில் கூட்டம், சங்கக் கூட்டம், மாதர் கூட்டம், மரண உதவிச் சங்கக் கூட்டம் என்று எத்தனையோ. ஆனால் கூட்டம் முடிந்து லயத்துக்குப் போகிற ஒருவரை மறித்து, "என்ன முடிவாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "என்னமோ பேசினாங்க" என்பார். அதுதான் நமது வியாதி.

முதலில் என் பிழையையே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், ஐப்பசி மழைக் காலத்தில் ஒரு கூட்டம் வைத்தேன். மாலை 5.30 மணிக்கு, பிள்ளைமடுவத்தில். எட்டு விடயங்கள் எழுதிக்கொண்டு போனேன். முதல் விடயம், சங்கத்துக்குக் கதிரை வாங்குவது. ஐம்பதா, நூறா, யார் வீட்டில் வைப்பது, கல்யாண வீட்டுக்குக் கொடுத்தால் வாடகை எவ்வளவு? இதிலேயே ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது.

ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் கொழுந்து நிறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நனைந்த படங்குச் சாக்கோடு வந்து வாசலில் நின்றார்கள். அடுப்பு மூட்ட வேண்டுமே என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எட்டு மணிக்கு நான் கதவைப் பூட்டும்போது ஒரு அம்மாயி பக்கத்தில் வந்தார். "ஐயா, ஒரு விசயம் சொல்லத்தான் வந்தேன். எங்க லயத்துக்குப் பின்னால மண்மேட்டுல வெடிப்பு விழுந்திருக்கு. கை நுழையுது" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த கூட்டத்தில முதலாவதா பேசுவோம் அம்மா" என்றேன்.

மூன்றாம் நாள் இரவு மேடு சரிந்தது. இரண்டு காம்பராக்களின் குசினிகளை மண் மூடிவிட்டது. அன்று அந்த வீட்டுக்காரர்கள் கீழ் லயத்தில் ஒரு இழவு வீட்டில் இருந்தபடியால் உயிர்ச்சேதம் இல்லை. 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்தவர் நம்மில் யார்? அப்படியிருந்தும் நான் கதிரைக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மாயி என்னைத் திட்டவில்லை. "நான் உள்ள வந்து சத்தமா சொல்லியிருக்கணும் ஐயா" என்றார். அந்தச் சொல் இன்றும் நெஞ்சில் குத்துகிறது. அவர் உள்ளே வந்து பேசும்படியாக நான் கூட்டத்தை நடத்தவில்லை, அதுதான் நடந்த உண்மை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலாவது, எதற்காகக் கூட்டம்? ஒரு செய்தியை அறிவிக்க மட்டும் என்றால் கூட்டம் தேவையில்லை. பிரட்டுக்களத்தில் சொன்னால் போதும். எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய காரியத்துக்குத்தான் கூட்டம். இரண்டு அல்லது மூன்று விடயங்கள் போதும். இரண்டு நாளைக்கு முன்பே அவற்றை எழுதி பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள். உயிர், தண்ணீர், பிள்ளைகள் சம்பந்தப்பட்டது முதலில். கதிரையும் மேளமும் கடைசியில்.

இரண்டாவது, நேரம். சம்பள நாளில் வைக்காதீர்கள். கொழுந்து கூடிய நாளில் மாலையில் வைக்காதீர்கள். எந்த நேரம் வசதி என்று பெண்களிடம் கேளுங்கள். நான் கேட்டபோது, "ஞாயிற்றுக்கிழமை பகல் மூணு மணி ஐயா, தண்ணி எடுத்து, உடுப்புத் துவைச்சு முடிஞ்சிரும்" என்றார்கள். மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே தொடங்குங்கள். பிந்தி வருகிறவருக்காகக் காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவர் அடுத்த முறை பிந்தித்தான் வருவார். ஒரு மணித்தியாலத்தில் முடியுங்கள்.

மூன்றாவது, இருக்கை. தலைவருக்கு மேசை, ஆண்களுக்குக் கதிரை, பெண்களுக்கு வாசல் என்பது இனி வேண்டாம். எல்லோருக்கும் கதிரை இல்லையென்றால் எல்லோரும் பாயில் வட்டமாக இருப்போம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தால் பேச்சு தானாக வரும்.

நான்காவது, பேச்சு. தலைவர்மார்களே, கோபிக்க வேண்டாம், நீங்கள் கடைசியில் பேசுங்கள். தலைவர் முதலில் முடிவைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையை ஆட்டுவதோடு சரி. லயத்துக்கு ஒருவராக, பெண்களில் தொடங்கிக் கேளுங்கள். கூச்சப்படுகிறவர்கள் இருந்தால் ஐந்தைந்து பேராகப் பிரித்து பத்து நிமிடம் பேசவிடுங்கள். பிறகு ஒருவர் எழுந்து எல்லோருக்குமாகச் சொல்லட்டும். ஒரே ஆள் நீட்டிக்கொண்டே போனால், "அண்ணே, நீங்க சொன்னது விளங்குது, எழுதியாச்சு. இப்ப கீழ் லயத்து அக்கா சொல்லட்டும்" என்று மரியாதையாக மறியுங்கள். குடித்துவிட்டு வந்தவரோடு வாதாட வேண்டாம். சொந்தக்காரர் ஒருவர் அழைத்துப்போய் விடட்டும். நீ எந்தச் சங்கம், நான் எந்தச் சங்கம் என்ற கதையை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மழை எல்லாச் சங்கத்துக் கூரையிலும்தான் பெய்கிறது.

ஐந்தாவது, முடிவு. கொப்பியில் மூன்று கோடு போடுங்கள். என்ன வேலை, யார் செய்வது, எப்போது முடிப்பது. "கான் துப்புரவு செய்ய வேண்டும், எல்லோரும் சேர்ந்து" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். "மேல் லயத்துப் பின்பக்கக் கான், இன்ன நான்கு பேர், 15ஆந் திகதிக்கு முன்" என்று எழுதினால் வேலை நடக்கும். கலைவதற்கு முன் அதைச் சத்தமாக வாசியுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது தெரியவேண்டும். அடுத்த கூட்டத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.

கடிதம் எழுதினால் பிரதி வைத்து, கொடுத்த திகதியைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். தோட்ட ஆபீசுக்கு மட்டுமல்ல, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச சபைக்கும் எழுதலாம். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய முடியாது என்ற பழைய சாக்கு செல்லாது.

அந்தத் தோட்டத்தில் பிறகு என்ன நடந்தது? அடுத்த ஞாயிறு வட்டமாக இருந்தோம். அம்மாயிதான் முதலில் பேசினார். இன்னும் இரண்டு இடத்தில் வெடிப்பு இருப்பது அன்றுதான் தெரியவந்தது. கான்கள் வெட்டினோம், அதிகாரிகளை வரவழைத்து இடத்தைக் காட்டினோம். வீடு கட்டக் காணி கேட்ட கடிதங்களுக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் கேட்டதற்கு எழுத்து இருந்தது, "நீங்கள் சொல்லவே இல்லையே" என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

ஒன்றை மட்டும் கூட்டத்துக்கென்று வைத்திருக்க வேண்டாம். மண்ணில் புதிய வெடிப்பு, இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கல் தண்ணீர், சாயும் மரம், இறுகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் அன்றே வெளியேறி, 117க்கு அறிவியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் உடனே கதவைப் பூட்டாதீர்கள். ஐந்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். "இன்னும் யாருக்காவது சொல்ல இருக்கா?" என்று கேளுங்கள். யாராவது வாய் திறந்தால், அடுத்த கூட்டம் என்று சொல்லாமல் அங்கேயே நின்று கேளுங்கள்.