முதியோரும் புற்றுநோயும்: கணக்கு சொல்லும் பாடம்

(மாசாய் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி ஆகியவற்றைப் பேசவேண்டிய மேடையில் வியாதியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். வாங்கிய சம்பளத்தை அனுபவிக்க உடம்பு வேண்டாமா? முப்பது வருஷம் மரம் வெட்டி, இனி ஓய்வாக உட்காரலாம் என்கிற வயதில் வந்து உயிரைக் கொண்டுபோகிற நோயைப் பற்றித் தொழிலாளர் சங்கம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்? ஆகவே, வயது முதிர்ந்தோரிடையே புற்றுநோய்ச் சாவு எவ்வாறு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது என்பதையும், அதில் நமக்குள்ள பாடம் என்ன என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

"அந்தக் காலத்தில் ஏது இந்த நோய்? இப்போதுதானே வீட்டுக்கு வீடு கேட்கிறோம்" என்று நம் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் கண்டது பொய்யல்ல. ஆனால் காரணம் வேறு. காடு வெட்டித் தோட்டம் போட்ட நம் பாட்டன்மார்களை மலேரியாவும் வயிற்றுக் கடுப்பும் இளவயதிலேயே வாரிக்கொண்டு போயின. 1957இல், குழந்தைச் சாவையும் சேர்த்துப் பார்த்தால், மலாயாவில் ஆணின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 56, பெண்ணுக்கு 58. இன்றோ மலேசியாவின் சராசரி 75ஐ ஒட்டி நிற்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பது, அறுபதைத் தாண்டியவரைத் தேடி வரும் நோய். அந்த வயதை எட்டுவோர் பெருகியதால் நோயாளிகளும் பெருகினர். அன்றி, அந்நாளில் பலருடைய சாவு "வயிற்று வலி", "இளைப்பு" என்றே எழுதப்பட்டு, நோயின் பெயர் தெரியாமலே போயிற்று.

இந்தக் கணக்கு கிராணிமார்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்து மரம் அதிகம். இன்னொரு தோட்டத்தில் பத்து வருஷத்து மரம் அதிகம். பட்டை காய்ந்து பால் நின்றுபோன மரங்களை இரண்டிலும் எண்ணிவிட்டு, முதல் தோட்டத்தில் பராமரிப்பு மோசம் என்று எழுதினால் அந்தக் கணக்கு செல்லுமா? ஒரே நடவு ஆண்டு மரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும். மனிதக் கணக்கும் அப்படியே. அறுபது வயதினரை அறுபது வயதினரோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரியும்.

அப்படிப் பார்த்த நாடுகளில் கண்டது என்ன? அமெரிக்காவில் புற்றுநோய்ச் சாவு விகிதம் 1991இல் உச்சத்தை எட்டியது. பிறகு இறங்கி, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வயிற்றுப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மிகுதியாக உயிர் கொண்டது அதுவே. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு குறைந்து, குளிர்ப்பெட்டியும் புதிய காய்கறியும் சுத்தமான வாழ்க்கையும் வந்த பிறகு, அதிசய மருந்து எதுவும் இல்லாமலேயே அந்த நோய் இறங்கிவிட்டது.

நுரையீரல் புற்றின் கதை நேர் எதிரானது. சிகரெட் பரவப் பரவ அது ஏறியது. 1950இல் இங்கிலாந்தில் டோல், ஹில் என்ற இரு அறிஞர்கள் சிகரெட்டுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்கள். மக்கள் புகையை விடத் தொடங்கியதும் முதலில் நடுவயதினரிடம் சாவு இறங்கியது. முதியோரிடம் இறங்குவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. ஏன்? இளமையில் பிடித்த புகைக்கு முதுமையிலே உடம்பு வட்டி கட்டுகிறது. கடன் வாங்குவது இருபதில். வசூல் நடப்பது அறுபதில்.

அதற்காக, "வயது போய்விட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்று யாரும் சொல்லவேண்டாம். பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். புகையை 30 வயதில் விட்டவருக்கு ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுள் மிச்சம்; 40இல் விட்டவருக்கு 9; 50இல் விட்டவருக்கு 6; 60இல் விட்டவருக்குக்கூட 3 ஆண்டு மிச்சம். பேரப்பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும் மூன்று ஆண்டு சிறியதா, தோழர்களே?

இனி நம் சொந்தக் கணக்குக்கு வருவோம். 1960லேயே மலாயாவின் மருத்துவ ஏட்டில் வெற்றிலைப் புற்றைப் பற்றிக் கட்டுரை வெளிவந்தது. ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கான இந்தியர், வாய்ப்புற்று நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவராய் இருந்தனர் என்பது 1970களில் வந்த கணக்கு. இன்றும் இந்நாட்டில் வாய்ப்புற்று இந்தியரிடையே, அதிலும் நம் தாய்மார்களிடையே, மற்ற இனத்தாரைவிட அதிகம். உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்று விளைவிப்பது என்று கூறியது. 2004இல் புகையிலை சேராத தாம்பூலத்தையும், பாக்கையுமே அந்தப் பட்டியலில் சேர்த்தது. "நான் புகையிலை போடுவதில்லையே" என்று ஆறுதல் கொள்ளுவதற்கு இனி இடமில்லை. சுருட்டும் சம்சுவும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இன்னும் பெருகும்.

விருந்துக்கும் விசேஷத்துக்கும் தாம்பூலம் நம் மரியாதை. அதை நான் பழிக்க வரவில்லை. தட்டிலே வைப்பது வேறு. விடியலில் பெரட்டு முதல் இரவு படுக்கும்வரை கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. பசியை அடக்கவும், பனியிலும் மழையிலும் அலுப்பு தெரியாமல் இருக்கவுமே நம்மவர் அதைப் பழகினர். ஆகவே குற்றம் சொல்லவேண்டியது வறுமையை, பாட்டியை அல்ல.

நல்ல செய்தியும் உண்டு. இந்த நோய் வருமுன் அடையாளம் காட்டும். வாய்க்குள் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முழுதாகத் திறக்காமல் இறுகுதல், மூன்று வாரமாகியும் ஆறாத புண் ஆகியவையே அந்த அடையாளங்கள். கேரளத்தில், திருவனந்தபுரம் பகுதியில், 1996 முதல் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, டார்ச் விளக்கடித்து வாயைப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவரிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை. பார்க்கும் கண் போதுமாயிருந்தது. நம் சர்க்கார் பல் மருத்துவப் பிரிவும் 1997 முதல் தோட்டங்களைத் தேடி வந்து வாய்ப் பரிசோதனை செய்யும் திட்டத்தைத் தொடங்கியது.

தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. கருப்பை வாய்ப் புற்றையும் முன்னரே பரிசோதித்துத் தடுக்கலாம். 2010 முதல் நம் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அந்த ஊசியின் முழுப் பலன் அப்பிள்ளைகள் பாட்டியாகும் நாளில் தெரியும். முதியோர் கணக்கைத் திருத்தும் வேலை பள்ளிக்கூடத்திலேயே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் நம் நாட்டின் பெருங்குறை தாமதம். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவின்படி, நிலை குறிக்கப்பட்ட நோயாளிகள் 100 பேரில் ஏறத்தாழ 64 பேர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டனர். தாமதத்துக்குப் பயம் ஒரு காரணம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வரும்படி போய்விடுமே என்ற கவலை மற்றொரு காரணம். சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி டாக்டர் சீட்டின்பேரில் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு: இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வந்தால் 60 நாள் வரை உண்டு. இதைச் சரியாக எழுதிக் கொடுப்பது கிராணிமார்களின் கடமை. கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை.

ஆகவே நான் கேட்டுக்கொள்ளுவது நான்கு. ஒன்று, ஒவ்வொரு கிளையும் வருஷத்துக்கு ஒருமுறை லயத்துக்கே பல் டாக்டரை அழைத்து நாற்பது வயதைத் தாண்டியவர் எல்லாருடைய வாயையும் பார்க்கச் செய்யவேண்டும். இரண்டு, ஓய்வு பெற்றுப் போனவர்களை மறவாமல் அதில் சேர்க்கவேண்டும்; அதிக ஆபத்தில் இருப்பவர்கள் அவர்களே. மூன்று, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வசதியை நிர்வாகத்திடம் கேட்கவேண்டும். நான்கு, வெற்றிலை, சிகரெட், இந்நாளில் வந்திருக்கும் மின்புகை ஆகியவற்றை நம் பிள்ளைகள் கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மாசாயைச் சுற்றி ரப்பர் மரம் நின்ற இடங்களில் இன்று வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. மரத்தை வெட்டிப் பால் எடுத்த கைகள் பல இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அக்கைகளுக்குரியவர்கள் நலமாக வாழ்ந்து முடிக்க வகை செய்வது நம் பொறுப்பு. நாளைக் காலையில் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதிலிருந்து தொடங்குவோம்.