கேபிள், வைஃபை இடைஞ்சல்: பக்கத்து வீட்டைச் சொல்லும் முன் நம் வீட்டைப் பார்ப்போம்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்டர்நெட் கோளாறு பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் 34 வருடம் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. போன நவராத்திரியிலிருந்து தை பிறக்கும் வரை நம் பிளாக்கில் தினமும் மாலையில் நெட் அறுந்துகொண்டே இருந்ததே, அதற்குக் காரணம் என் வீடுதான். உங்களில் சிலருக்கு இது தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் பேச ஒப்புக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மாலை ஆறரை மணியானால் நெட் தடுமாற ஆரம்பிக்கும். ஒன்பது மணிக்கு மேல் சரியாகிவிடும். டிவி மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் தெரியும். டிவி தெரிவதால் கேபிளில் குறையில்லை, யாரோ அளவுக்கு மீறி நெட்டை இழுக்கிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் பெண் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். அவளுக்கு வேலை தொடங்குவதே மாலையில்தான். ஒரு நாள் அவள் அப்பாவைப் படிக்கட்டில் நிறுத்தி, “உங்க வீட்ல ராத்திரி பகலா நெட் ஓடுதே சார், மத்தவங்க என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் தோழி வீட்டுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, நள்ளிரவு தாண்டி வண்டியில் திரும்பி வந்தாள். அவள் வரும்வரை அவர் கேட் அருகே நின்றுகொண்டிருப்பார். என் பால்கனியிலிருந்து அதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். நெட் மட்டும் சரியாகவில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

டிவி நன்றாக இருக்க, நெட் மட்டும் எப்படிக் கெடும்? கேபிள்கார தம்பி எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். ஒரே கேபிளுக்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. டிவி படமும் நமக்கு வந்து சேரும் நெட்டும் உயர்ந்த அலைவரிசைகளில் வருகின்றன. நாம் அனுப்புவது, அதாவது வீடியோ காலில் நம் முகமும் குரலும், ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லும் ஒரு க்ளிக்கும்கூட, 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 42 அல்லது 65 வரை உள்ள தாழ்ந்த பாதையில் திரும்பிப் போகிறது. மலிவான அடாப்டர், எல்.இ.டி. விளக்கு, மோட்டார் எழுப்பும் மின் இரைச்சல் அதிகம் இருப்பதும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான்.

கேபிளின் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக உறை. அந்த உறைதான் வெளி இரைச்சல் உள்ளே வராமல் காக்கிறது. கனெக்டர் தளர்ந்திருந்தாலோ, வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தாலோ, ஸ்ப்ளிட்டரில் ஒரு வாய் திறந்து கிடந்தாலோ இரைச்சல் அங்கே நுழைந்துவிடும்.

இங்கேதான் அடுக்குமாடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. திரும்பிப் போகும் பாதையில் எல்லா வீட்டுக் கேபிளும் மாடிப்படிப் பெட்டியில் ஒன்று சேர்கின்றன. இதை நம் கழிவுநீர்க் குழாயோடு ஒப்பிடலாம். ஒரு வீட்டில் துணி விழுந்தால் எல்லா வீட்டிலும் அடைக்கும். அதேபோல ஒரு வீட்டில் நுழையும் இரைச்சல் எல்லார் நெட்டையும் கெடுக்கும்.

தை மாதத்தில் ஒரு நாள் மாலை அந்தத் தம்பி கையில் மீட்டரோடு வந்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வீட்டு லைனாகக் கழற்றி மாட்டி மீட்டரைப் பார்த்தார். ஏழாவது லைனைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது. “சார், இது உங்க வீடு” என்றார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

உள்ளே வந்து பார்த்தால், பழைய டிவியைக் கொடுத்துவிட்ட பிறகும் அதன் கேபிள் ஹால் மூலையில் வெட்டிய முனையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே, நவராத்திரிக் கொலுவுக்கு வாங்கி, பிறகு பூஜை அலமாரியில் மாட்டிவிட்ட சீரியல் லைட்டின் அடாப்டர். என் மனைவி விளக்கேற்றும்போது ஆறரைக்குப் போடுவாள், படுக்கப் போகும்போது அணைப்பாள். அடாப்டர் இரைச்சல் எழுப்ப, தொங்கிய கேபிள் ஆன்டெனா போல அதை வாங்கி மேலே அனுப்பியிருக்கிறது. கேபிளைக் கழற்றி, ஸ்ப்ளிட்டரின் அந்த வாயில் 75 ஓம் மூடி ஒன்றை மாட்டினார். அன்றிரவே எல்லா வீட்டிலும் நெட் சரியானது.

வங்கியில் நாள் முடிவில் கணக்கு டேலி ஆகாவிட்டால் நாங்கள் யார் மேலும் பழி போட மாட்டோம். வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால் 54-ஐ 45 என்று யாரோ மாற்றி எழுதியிருக்கலாம். பிறகு ஒவ்வொரு வவுச்சராகச் சரிபார்ப்போம், முதலில் நம் கவுண்டரிலிருந்து. அந்தத் தம்பி செய்ததும் அதுதான். 34 வருடம் அதையே செய்த நான், ‘இது எந்த நாள் ஆரம்பித்தது, அன்று நம் வீட்டில் புதிதாக என்ன வந்தது’ என்று ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனின் வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் 18 மாதங்கள் தினமும் காலை ஏழு மணிக்கு நெட் கெட்டது. அங்கே டெலிபோன் லைன் வழி வரும் நெட். கேபிளை மாற்றியும் தீரவில்லை. 2020-இல் இன்ஜினியர்கள் கருவியோடு தெருத்தெருவாக நடந்து கண்டுபிடித்தார்கள்: ஒரு வீட்டில் காலை ஏழுக்குப் போடும் பழைய டிவி. அந்த வீட்டுக்காரர் கூனிக் குறுகிப்போய், இனி அதைப் போடுவதில்லை என்றாராம். அவர் நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை சில:

1. பயன்படாத கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஸ்ப்ளிட்டரின் காலி வாயை மூடச் சொல்லுங்கள். தேவையில்லாத ஸ்ப்ளிட்டரே வேண்டாம். இருவழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு வாய்க்கும் பாதி சிக்னலைக்கூட முழுதாகத் தராது.

2. வைஃபை மட்டும் தடுமாறினால் மைக்ரோவேவ் அடுப்பைக் கவனியுங்கள். அதுவும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே இயங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் பதிவாகி வந்த மர்ம சிக்னல்களுக்குக் காரணம், ஓடும்போதே கதவு திறக்கப்பட்ட மைக்ரோவேவ் அடுப்பு என்று 2015-இல்தான் தெரிந்தது. உங்கள் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். 2.4-லேயே இருப்பவர்கள் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் ஒன்றை வையுங்கள். இவை ஒன்றோடொன்று மோதாது. ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

3. செல்போன் சிக்னல் பூஸ்டர் வாங்க வேண்டாம். உரிமம் இல்லாமல் மாட்டுவது சட்டப்படி குற்றம். அது டவரின் காதில் கத்துவது போல. அந்தக் கத்தலில் சுற்றியுள்ளவர்களின் அழைப்பு கேட்காமல் போகலாம். யாராவது 108-க்குப் போன் போடும் நேரமாகவும் அது இருக்கலாம். போனில் ‘வைஃபை காலிங்’ வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

4. கோளாறு வந்தால் ஒரு நோட்டில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் எழுதுங்கள். அந்த நேரத்தில் வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அதன் பிறகு கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

மேல் மாடி சார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி கொடுத்தார். “விடுங்க சார், பொண்ணு பத்திரமா வந்துட்டா” என்றார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் உங்கள் எல்லோர் முன்னாலும் அவரிடமும் அந்தப் பெண்ணிடமும் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.