கிரீஸ் மேலே சமையல்கட்டு

('நம்மை வளர்த்தது வீடா? தெருவா?' பட்டிமன்றத்தில் 'தெருவே!' அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "வீட்டில் பண்பு வளரும், தெருவில் கொசுதான் வளரும்" என்றார்கள். ஐயா, நான் புளியந்தோப்புக்காரன். அந்தக் கொசுவை எனக்கு நல்லாத் தெரியும். எங்க டீம்ல பன்னிரண்டாவது ஆளே அதுதான்! (சிரிப்பு)

எங்க பேட்டையில் ஒரு பொட்டல். அதுதான் கிரிக்கெட் கிரவுண்டு. மூணு செங்கல்லை அடுக்கினா ஸ்டம்பு. பேட் ஒண்ணே ஒண்ணு; எதிர்முனையில நிக்கிறவன் கையில தென்னை மட்டை. கிளப்புக்கு என்ன பேருன்னு கேட்காதீங்க. பேர் வைக்கக் கூடின கூட்டம் எல்லாம் அடிதடியில முடிஞ்சது. கடைசி வரைக்கும் பேரே வைக்கல. சாயங்காலம் பின்னி மில் சங்கு ஊதினா ஆட்டம் முடிஞ்சது. அந்த மில்லையும் 1996-ல் மூடிட்டாங்க.

அதே மில்லில்தான் 1921-ல் அந்தப் பெரிய வேலைநிறுத்தம். வேலைக்குப் போனவங்க, போகாதவங்கன்னு பிரிஞ்சு, அது சாதிச் சண்டையாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிஞ்சது. அப்படி எரிஞ்ச பேட்டை ஐயா இது!

ஒருநாள் கூட விளையாடினவனை எங்க குடிசைக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க பாட்டி அவனுக்குன்னு தனியா ஒரு டம்ளரை எடுத்தாங்க. அவன் பார்த்துட்டான். "தாகம் இல்ல பாட்டி"ன்னான். வெயில்ல பத்து ஓவர் போட்டுட்டு வந்தவன் ஐயா! பொட்டல்ல எங்களுக்கு ஒரே பானை, ஒரே டம்ளர். பதினோரு பேர் வாயும் அதுலதான். சொல்லுங்க, என்னை வளர்த்தது எது? (கைதட்டல்)

இது எங்க பேட்டைக் கதை மட்டுமில்ல. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரருக்குப் பெவிலியன், நம்ம ஆளுங்களுக்கு மரத்தடி. அதைப் பொறுக்காமத்தான் 1888-ல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பிச்சார். வெள்ளைக்காரரும் நம்மவரும் மோதுற ஆட்டத்துக்கு 1908-ல் ஏற்பாடு பண்ணினார். ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால காலமாயிட்டார். ஆனா ஆட்டம் நடந்தது.

எதிரணி கேட்பாங்க, "உங்க பொட்டல் இப்ப எங்கே?"ன்னு. குடிசைக்காரங்களுக்கு அதிலேயே மாடி வீடு கட்டிட்டாங்க. அதுல ஒண்ணு எங்கம்மாவுக்குக் கிடைச்சது. அவங்க வாழ்க்கையிலேயே மழைக்கு ஒழுகாத முதல் வீடு. நான் எந்த வாயால ஐயா வேண்டாம்னு சொல்வேன்? அளந்து பார்த்தேன். கீழ்த்தளத்துல அம்மா அடுப்பு வெச்சிருக்கிற இடம்தான் எங்க பேட்டிங் கிரீஸ்.

தாகம் இல்லன்னு சொன்னவன் போன பொங்கலுக்கு வந்திருந்தான். பாட்டி இப்ப இல்ல. அம்மா தான் குடிக்கிற டம்ளர்லயே காபி கொடுத்தாங்க. ஒரு சொட்டு விடாம குடிச்சான். அப்புறம் சமையல்கட்டை எட்டிப் பார்த்து, "இங்கதானடா என்னை ரன் அவுட் பண்ணினே?"ன்னான்.

அம்மா கரண்டியோட திரும்பினாங்க. "அது அவுட்டே இல்ல கண்ணு. அன்னிக்கு நான் குடிசை வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இவன் பொய் சொன்னான்!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)