பால்மரம் கற்றுத் தந்த சாதனை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 'தனிமனித வாழ்வில் வழிபாடு' எனும் தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தைப்பூச நாளில் ஈப்போவுக்குச் சென்றவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. புந்தோங் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் வரை எங்கு பார்த்தாலும் மனிதத் தலைகள். பால்குடம் ஒரு பக்கம், காவடி ஒரு பக்கம், உறுமி மேளம் ஒரு பக்கம். பேராக் மாநிலத்தில் அன்று பொது விடுமுறை. ஒரு காலத்தில் ஒரே லயத்தில் வாழ்ந்து, தோட்டம் கைமாறியபோது திசைக்கு ஒன்றாகப் பிரிந்துபோன குடும்பங்கள் அன்றுதான் மீண்டும் சந்தித்துக்கொள்கின்றன. "மாமா, எப்படி இருக்கீங்க?" என்ற குரல்களை வழியெங்கும் கேட்கலாம்.

இவ்வளவு பக்திப் பெருக்கைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் ஒரு கேள்வியும் எழுகிறது. தைப்பூசம் முடிந்த மறுநாள் காலையில் என்ன நடக்கிறது?

காவடியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். மஞ்சள் ஆடையைத் துவைத்து மடித்து வைத்துவிடுகிறோம். அவற்றோடு சேர்த்து வழிபாட்டையும் மடித்து வைத்துவிடுகிறோமா? இந்த உரை அந்த மறுநாளைப் பற்றியது.

தோட்டம் நினைவூட்டிய காலம்

கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தச் சில கன்றுகளின் பின்னால் வந்ததுதான் தமிழர்களின் தோட்டப்புற வரலாறு. காடு அழிக்கப்பட்டது, லயங்கள் எழுந்தன. கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்ற பழமொழியை மூட்டையோடு கொண்டுவந்த மக்கள், தோட்டந்தோறும் ஒரு மாரியம்மனையோ முனியாண்டியையோ நிறுத்தி வைத்தார்கள். முதலில் ஒரு கல், பிறகு அத்தாப்புக் கூரை, பிறகு தகரம், பிறகுதான் கோபுரம்.

அந்த வாழ்க்கையில் வழிபாட்டை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. தோட்டமே நினைவூட்டியது. வெள்ளிக்கிழமை மாலை கோயில் மணி அடித்தால் லயம் முழுக்கக் கேட்கும். ஒரு வீட்டில் விளக்கு ஏற்றியதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் ஏற்றுவார்கள். திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால், அன்று முதல் லயத்தில் கவிச்சி வாடை வராது. ஒருவர் மறந்தாலும் பக்கத்து வீட்டு அக்காள் மறக்க விடமாட்டார். சுருங்கச் சொன்னால், ஆன்மிகப் பயிற்சி அங்கே தனிமனிதரின் பொறுப்பாக இல்லை, ஊரின் பொறுப்பாக இருந்தது.

அதில் ஒரு பலமும் இருந்தது, ஒரு பலவீனமும் இருந்தது. ஊர் இருக்கும்வரை வழிபாடு இருந்தது. ஊர் போனபோது?

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், பாட்டாளிகளே நிலத்தை வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆயினும் பல தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து மக்கள் பட்டணத்து ஓரங்களில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கோயில்களின் நிலையை எல்லாரும் அறிவார்கள். நிலம் கோயிலின் பெயரில் இல்லாததால் எத்தனையோ கோயில்கள் இடம் மாறின, சில இல்லாமலே போயின. அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விவகாரம். இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. கோயிலை இடம் மாற்ற நிலம் வேண்டும், அனுமதி வேண்டும், பணம் வேண்டும். வீட்டு விளக்கை இடம் மாற்ற ஒரு கை போதும். அப்படியிருந்தும் பல வீடுகளில் அந்த விளக்கு நான்காவது மாடிக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த வீடுகளிலும், மணியோசை கேட்காததால் வெள்ளிக்கிழமை வந்ததே தெரியாமல் போய்விடுகிறது.

உளி அறிந்த இரகசியம்

இதற்கு வழி என்ன? நம் மூத்தோர் செய்த தொழிலே வழி சொல்கிறது.

பால்மரம் சீவியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன் சீவினால்தான் பால் நன்றாக வடியும். உளியைக் கொண்டு பட்டையில் மெல்லிய ஒரு கீற்றைத்தான் எடுக்க வேண்டும். இன்று நிறையப் பால் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் பட்டுவிடும், அந்தப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. அப்படியே போட்டுவைத்துவிட்டு, என்றைக்கோ ஒருநாள் வந்து சீவினாலும் பயன் இல்லை. பழைய கீற்றின் விளிம்பில், முறை தவறாமல், மெல்லியதாக ஒரு சீவல். அப்படிச் சீவினால் ஒரு மரம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் தரும்.

ஆன்மிகத்தில் சாதனை என்று சொல்வது இதைத்தான். 'சாதனை' என்றவுடன் பதக்கமும் மாலையும் நினைவுக்கு வருகின்றன. சமய வழக்கில் அந்தச் சொல்லுக்கு இடைவிடாத பயிற்சி என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறை ஆழமாக வெட்டுவது சாதனை ஆகாது. நாள்தோறும் ஒரு கீற்று எடுப்பதே சாதனை.

நாற்பத்தொன்பதாம் நாள்

காவடி எடுப்பவர்கள் பலர் 48 நாள் விரதம் இருக்கிறார்கள். அந்த நாட்களில் புலால் இல்லை, மது இல்லை, தகாத பேச்சு இல்லை. தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அதிகாலையில் குளிக்கிறார்கள். இதெல்லாம் சிறிய காரியம் அல்ல.

இப்போது அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். மற்ற மாதங்களில் குடித்துவிட்டு நள்ளிரவில் வரும் தந்தை, இந்த 48 நாளும் மாலையிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறார். மனைவியை 'நீ' என்று அதட்டியவர், 'வாம்மா, போம்மா' என்று பேசுகிறார். சம்பளப் பணம் முழுமையாக வீடு வந்து சேருகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தைப்பூசம் பிடிப்பது காவடிக்காக மட்டும் அல்ல. அப்பா அப்பாவாக இருக்கும் மாதம் அது.

நாற்பத்தொன்பதாம் நாள் வருகிறது. விரதம் முடிந்தது என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். பழைய கதை மீண்டும் தொடங்குகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

இது காவடியின் குற்றம் அல்ல. விரதத்தின் குற்றமும் அல்ல. விரதம் ஒரு மாபெரும் உண்மையை மெய்ப்பித்துக் காட்டிவிட்டது: அந்த மனிதரால் குடிக்காமல் இருக்க முடியும். 48 நாள் முடிந்தவருக்கு 49ஆம் நாள் முடியாதா? முருகன் 48 நாளுக்கு மட்டும்தான் அந்த வீட்டில் இருந்தாரா? காவடியின் உயரத்தை வைத்துப் பக்தியை அளக்க வேண்டாம். 49ஆம் நாள் அந்த வீடு எப்படி இருக்கிறது என்பதை வைத்து அளந்து பாருங்கள்.

தோட்டத்து மருத்துவர் எழுதச் சொன்ன கணக்கு

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்பவர் 1913இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் வட்டாரத் தோட்ட மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றினார். தோட்டப் பாட்டாளிகளின் நோயையும் வறுமையையும் நேரில் கண்டவர் அவர். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் மலாயாவில் இருந்துவிட்டு 1923இல் இந்தியா திரும்பினார். 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவர்தான் உலகம் அறிந்த சுவாமி சிவானந்தர். தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936இல் நிறுவியவர்.

மருத்துவர் நோயாளிக்குக் குறிப்பேடு வைப்பதுபோல, அவர் தம் அன்பர்களிடம் ஆன்மிக நாட்குறிப்பு எழுதச் சொன்னார். இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய்? எவ்வளவு நேரம் ஜெபம் செய்தாய்? எத்தனை முறை கோபப்பட்டாய்? எத்தனை பொய் சொன்னாய்? இப்படி எளிய கேள்விகள். பிறருக்குக் காட்டுவதற்காக அல்ல, தன்னைத் தானே பார்த்துக்கொள்வதற்காக. நிரை முடிந்ததும் பாலை நிறுத்துக் கணக்கு எழுதுவது தோட்டத்துக்குப் புதிதா? அதே கணக்குதான் இதுவும்.

பேராக்கிலேயே தாப்பா நகரில் ஜெகநாத சுவாமிகளின் சமாதி இருக்கிறது. வள்ளலாரின் சீடர் என்று அன்பர்கள் போற்றும் அவர் 1959இல் அங்கே சமாதி அடைந்தார். ஈப்போவில் பிறந்த சுவாமி சத்தியானந்தா சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். அவர் 1961இல் மறைந்த பிறகு அன்னை மங்களம் அதைத் தாங்கி நடத்தினார். பூச்சோங்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக இருந்து, 2023இல் மறையும்வரை அந்தத் தொண்டைத் தம் வாழ்வாக வைத்திருந்தார். தியானம் கண்ணை மூடுவதோடு நின்றுவிடாமல் பசித்தவனுக்குச் சோறாக மாற வேண்டும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்றுகள் இருக்கின்றன.

ஒரே மலை, பல விளக்கு

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகள் ஓர் அதிசயம். கல்லுமலையில் முருகன். அதே மலைத் தொடர்களில் சாம் போ தோங், 1926இல் நிறுவப்பட்ட பேராக் தோங் போன்ற சீனக் குகைக் கோயில்கள். அங்கே சீனப் பாட்டிமார்கள் ஊதுவத்தியை நெற்றிக்கு நேராகப் பிடித்து மூன்று முறை வணங்குகிறார்கள். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்ததும் மலாய்க்கார நண்பர் கடையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தொழச் செல்கிறார், நாளுக்கு ஐந்து முறை. கத்தோலிக்க அன்பர் செபமாலை மணிகளை விரலில் உருட்டுகிறார். உள்காட்டில் செமாய் பூர்வகுடி மக்கள், இரவில் மூங்கில் குழாய்களைத் தரையில் தட்டிப் பாடி ஆடுகிறார்கள், நோயுற்றவர் குணமடைய.

தெய்வம் வேறு, மொழி வேறு, முறை வேறு. ஆனால் எல்லாவற்றிலும் மூன்று பொதுவாக இருப்பதைப் பாருங்கள்: குறித்த நேரம், குறித்த செயல், திரும்பத் திரும்பச் செய்தல். ஐந்து வேளைத் தொழுகையை விடாத நண்பரைப் பார்த்து வியக்கும் நம் பிள்ளைகள், தங்கள் சமயத்திலும் சந்தியா காலம் என்று ஒன்று இருப்பதை அறிவார்களா? அறியவில்லை என்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை, சொல்லித் தராதவர்களிடம்தான்.

அறிவியலும் இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் ஒரு நூல் எழுதினார். ஒரு சொல்லை அமைதியாகத் திரும்பத் திரும்ப உச்சரிக்கும்போது மூச்சும் இதயத் துடிப்பும் நிதானம் அடைவதை அவர் எடுத்துக்காட்டினார். அந்தச் சொல் எந்தச் சமயத்தினுடையதாகவும் இருக்கலாம் என்றார். இதைக் கேட்டுவிட்டு இரத்த அழுத்த மாத்திரையையோ இனிப்புநீர் மருந்தையோ யாரும் நிறுத்திவிடக் கூடாது. சிவானந்தர்கூட மருத்துவர்தாம்.

எங்கே தொடங்குவது?

"வேலை இரண்டு ஷிஃப்ட், நேரம் இல்லை" என்பார்கள். பால்மரத்துக்குப் போனவர்கள் இருட்டிலேயே எழுந்து, சோறு கட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடினார்கள். அவர்களுக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடந்ததா? அடுப்பைப் பற்றவைக்கும் முன் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அது அரை நிமிடம்தான். ஆனால் ஒருநாளும் தவறவில்லை.

ஆகவே ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். ஒரே இடம், ஒரே நேரம். ஒரு விளக்கு. தெரிந்த ஒரு தேவாரம் அல்லது ஒரு நாமம். பிறகு கொஞ்சம் மௌனம். மனம் அலைந்தால் அலையட்டும். மங்கில் முதல் சொட்டு விழுந்ததும் யாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதில்லையே! முடிந்தால் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். "உட்காரு" என்று அதட்ட வேண்டாம். பெற்றோர் நாள் தவறாமல் உட்கார்ந்தால், ஒருநாள் பிள்ளை தானாக வந்து உட்காரும்.

கேட்டது கிடைக்கவில்லை என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். வழிபாடு கடைச் சாமான் அல்ல, காசு கொடுத்தவுடன் கைக்கு வர. கேட்டது கிடைக்காத நாளிலும் நிதானம் தவறாமல் இருக்க மனத்தைப் பழக்குவதுதான் அதன் பயன்.

அடுத்த தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்கு வாருங்கள். காவடியும் எடுங்கள். உறவுகளைக் கண்டு மகிழுங்கள். ஆனால் மறுநாள் விடியற்காலை, காவடி பரண்மேல் ஏறிய பிறகு, அடுக்குமாடி வீட்டில் அந்தச் சிறு விளக்கை ஏற்றுங்கள். கோயில் மணி கேட்காவிட்டால் பரவாயில்லை. அணைந்த தோட்டங்களின் வெளிச்சம் அந்த விளக்கில் இருக்கிறது. 49ஆம் நாளும் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கட்டும். முருகன் ஏற்றுக்கொள்ளும் பால்குடம் அதுவாகத்தான் இருக்கும்.