பத்து வீரர்களை அடகு வைத்தார்கள்



'அயர்ன்மேன், தோர், ஹல்க் என்று மார்வெல் கம்பெனி எடுத்த படங்களின் வெற்றி உண்மையானதா, ஊதிப் பெருக்கியதா?' இதுதான் தலைப்பு. தமிழ் வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்பது என் காதில் விழுகிறது. தாயே, ஒரே தாவலில் கடலைத் தாண்டியவனை முப்பது வருஷமாக வகுப்பில் நடத்துகிறவன் நான். என்னை விட்டால் இதைப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? (சிரிப்பு)

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "எல்லாம் விளம்பரம் ஐயா! பணத்தைக் கொட்டினால் கழுதையும் குதிரையாக ஓடும்." சரி. கொட்டுவதற்குப் பணம் எங்கே இருந்தது? அதைச் சொன்னாரா? அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் குடித்தார். நான் சொல்கிறேன்.

1996 டிசம்பரில் திவால் மனுக் கொடுத்த கம்பெனி அது. படக்கதைப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். கையில் இருந்த நல்ல வீரர்களின் பட உரிமை ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டது. ஸ்பைடர்மேன் சோனிக்கு, எக்ஸ்-மென் ஃபாக்ஸ் கம்பெனிக்கு. வீட்டில் இருந்த வெள்ளிப் பாத்திரமெல்லாம் விற்றாகிவிட்டது. மிச்சம் பித்தளையும் ஈயமும். 2005-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? சொந்தமாகப் படம் எடுக்க 52 கோடியே 50 லட்சம் டாலர் வரை கடன் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு ஈடு என்ன? கேப்டன் அமெரிக்கா, ஆன்ட்மேன், பிளாக் பேந்தர் முதலான பத்துப் பெயர்களின் பட உரிமை! கடனைக் கட்டாவிட்டால் வீரர்கள் மூழ்கிப் போவார்கள். நம் வீடுகளில் அட்டிகையை வைப்போம். அவர்கள் ஆளையே வைத்தார்கள். (கைதட்டல்)

அந்தத் துணிச்சலில் 2008-இல் வந்தது முதல் படம், அயர்ன்மேன். கதாநாயகன் யார்? ராபர்ட் டௌனி ஜூனியர். போதைப் பழக்கத்தால் சிறைக்குப் போய், மீண்டு வந்த மனிதர். மார்க்கெட்டில் முதல் வரிசையில் இருந்தவர் இல்லை. சுமார் 14 கோடி டாலர் செலவு, 58 கோடிக்கு மேல் வசூல். அடுத்த வருஷமே டிஸ்னி வந்து 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்துக் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. எதிரணித் தலைவர் சொல்கிற பணமூட்டை அப்புறம்தானே ஐயா வந்தது? குழந்தை ஓட ஆரம்பித்த பிறகு வந்த மாமா, "நான்தான் நடக்கக் கற்றுக்கொடுத்தேன்" என்றால் எப்படி?

சகோதரி ஒருவர் புள்ளிவிவரத்தோடு வந்தார். "2019-இல் வந்த 'எண்ட்கேம்' 279 கோடி டாலர் என்கிறார்களே, விலைவாசியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1939-இல் வந்த 'கான் வித் தி விண்ட்' அதைத் தாண்டிவிடும்" என்றார். உண்மைதான், அம்மா. மறுக்கவில்லை. 'அவதார்' படமும் 2021-இல் சீனாவில் மறுபடி திரையிட்டு முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. முதல் மார்க் வாங்கவில்லை என்பதால் பையன் பெயில் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிறார்கள்? பதினொரு வருஷத்தில் 22 படம். முன்படத்தில் விட்ட முடிச்சை அஞ்சாறு படம் தள்ளி அவிழ்த்தார்கள். ஜனங்கள் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்தார்கள். நம் ஊர்த் தியேட்டரிலும்தான். எண்ட்கேமுக்குத் தமிழ் வசனம் ஏ.ஆர்.முருகதாஸ், அயர்ன்மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். எதிரணி 2023-ஐ எடுத்துக் காட்டியது. "பாருங்கள், 'தி மார்வெல்ஸ்' படுத்துவிட்டது, பலூன் வெடித்துவிட்டது!" ஆமாம், படுத்தது. சுமார் 20 கோடி டாலரோடு நின்றது. போட்ட பணமே தியேட்டரில் திரும்பவில்லை. ஆனால் அதே வருஷம், அதே கம்பெனியின் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' மூன்றாம் பாகம் 84 கோடி! முத்திரை ஒன்று, முதலாளி ஒன்று, விளம்பர பலம் ஒன்று. விளம்பரம்தான் வெற்றி என்றால் இரண்டும் ஓடியிருக்க வேண்டாமா? பார்த்தவன் தரம் பிரித்துவிட்டான் ஐயா! அளவுக்கு மீறி எடுத்துவிட்டோம் என்று அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகரே அந்த வருஷம் சொன்னாரே. வெற்றி ஊதியது என்று சொல்லும்போது நீங்கள் கம்பெனியைத் திட்டவில்லை. டிக்கெட் வாங்கியவனை ஏமாளி என்கிறீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மார்ட்டின் ஸ்கார்சேசி 2019-இல் இவற்றைச் சினிமாவே இல்லை, கேளிக்கைப் பூங்கா மாதிரி என்றார். பெரிய கலைஞர், சொல்ல உரிமை உண்டு. ஆனால் அவர் பேசியது கலையை. இன்றைய தலைப்பு வெற்றி.

எதிரணியில் ஒரே ஒரு கேள்வி என்னை உறுத்தியது. அதை மறைக்க மாட்டேன். ஜாக் கிர்பி என்ற ஓவியர். ஹல்க், தோர், பிளாக் பேந்தர் எல்லாம் உருவானதில் அவர் கை உண்டு. 1994-இல் இறந்துவிட்டார், இந்த வசூலில் ஒரு காசு பார்க்கவில்லை. உரிமை கேட்டுப் பிள்ளைகள் நடத்திய வழக்கு 2014-இல்தான் சமரசமானது. "இதுவா வெற்றி?" என்று கேட்டார் தம்பி. தம்பி, நாற்று நட்டவனுக்குக் கூலி கொடுக்காதது அநியாயம். அதற்கு இன்னொரு பட்டிமன்றம் போடுங்கள், நான் உங்கள் பக்கம் வந்து உட்காருகிறேன். ஆனால் கூலி கொடுக்கவில்லை என்பதற்காக, நெல்லே விளையவில்லை என்று சொல்லாதீர்கள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். 2024-இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 133 கோடி டாலர் எடுத்ததை எங்கள் அணியில் அடுத்து வருகிற அம்மா சொல்வார்கள்.