கண்புரை அறுவைக்கு எந்த லென்ஸ்?



கண்புரை அறுவைக்கு நாள் குறித்ததும் நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "விலை உயர்ந்த லென்ஸையே அப்பாவுக்கு வைத்துவிடலாமா?" அன்பினால் எழும் கேள்வி அது. ஆயினும் விலையைக் கொண்டு அதற்கு விடை காண இயலாது என்பதையே இன்று கூற விழைகிறேன்.

செயற்கை லென்ஸை முதன்முதலில் கண்ணுக்குள் பொருத்தியவர் ஹெரால்டு ரிட்லி. இடம் இலண்டன், ஆண்டு 1949. நம் மதுரையில் மருத்துவர் ஜி. வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதனைச் சார்ந்த ஆரோலேப் 1992-இல் தொடங்கப்பெற்று, லென்ஸ்களை இங்கேயே செய்தது. புரை நீங்கியும் தடித்த கண்ணாடியுடன் காலம் கழித்த எளியோர்க்கும் உள்விழி லென்ஸ் எட்டியது.

பெரும்பாலோர்க்குப் பொருத்தப்பெறுவது ஒருகுவிய லென்ஸ். அது பொதுவாகத் தொலைவைத் தெளிவாகக் காட்டும். படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் எனப்படும் பல்குவிய லென்ஸோ உட்புகும் ஒளியைத் தொலைவுக்கும் அண்மைக்குமாகப் பங்கிடுகிறது. தொலைபார்வை இரண்டிலும் ஏறத்தாழ ஒத்தே அமையும். கண்ணாடியின்றிப் படிக்க வல்லோர் பல்குவிய லென்ஸ் பெற்றோருள் மிகுதி.

ஆனால், பங்கிட்ட ஒளி ஒவ்வொரு பார்வைக்கும் குறைவாகவே கிட்டும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையங்கள் தோன்றலாம். மங்கிய வெளிச்சத்தில் எழுத்தும் படியும் தெளிவு குன்றலாம். மாதங்கள் செல்லப் பலருக்கு இது பழகிவிடுகிறது. பழகாதோருள் சிலர் லென்ஸை மாற்றிக்கொள்ளவும் நேர்கிறது. அது முதல் அறுவையினும் கடினமானது.

மேலூரிலிருந்து நாள்தோறும் இரவில் வண்டி ஓட்டி வரும் வணிகருக்கு எதிர்வரும் விளக்கொளி இடர் தரும். மாலை விளக்கொளியில் ஸ்ரீபுராணம் படிக்கும் அம்மையாருக்கு ஒருகுவிய லென்ஸும் படிக்கும் கண்ணாடியுமே நல்ல துணை. பகல் முழுதும் கணக்கேடும் கைப்பேசியும் பார்த்து, கண்ணாடியைத் தேடித் தேடிச் சலித்தவருக்குப் பல்குவிய லென்ஸ் மகிழ்ச்சி தரக்கூடும். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுற்றோருக்கும், கண் நீரழுத்த நோய் முற்றியோருக்கும் அது பொதுவாகப் பொருந்துவதில்லை.

ஆகவே, மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து கேளுங்கள்: இரவில் வெளியே செல்வதுண்டா? எவ்வளவு நேரம், எவ்வெளிச்சத்தில் படிக்கிறார்? கண்ணாடி அணிவது அவருக்கு உண்மையிலேயே சுமையா? அவ்விடைகளை மருத்துவரிடம் கூறி, விழித்திரையையும் சோதித்த பின்னர் முடிவு செய்யுங்கள். அக்கண்ணால் காணப்போகிறவர் அவரே. தேர்வும் அவருடையதாகவே இருக்கட்டும்.