சான்றுடன் எழுதுவோம்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இச்சங்கம் தொடங்கப்பெற்ற நாட்களில் நம் தெருவில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறினால் ஊரே மகிழ்ந்தது. இன்று முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்யும் பிள்ளைகள் இவ்வரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, 'கல்வியின் சிறப்பு' பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையில் சான்று காட்டும் முறை பற்றிப் பேச இசைவு கேட்டுப் பெற்றேன். சுவை குறைந்த தலைப்புத்தான். ஆயினும் நமக்கு மிகவும் வேண்டிய தலைப்பு.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். பல ஆண்டுகட்கு முன் பஞ்சமி நிலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். 'ஆதாரம் எங்கே?' என்ற ஒரே வரியுடன் அது திரும்பி வந்தது. என் பிறப்பைக் கருதியே திருப்பிவிட்டார்கள் என்று சினந்தேன். சினம் தணிந்தபின் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாட்கள் அமர்ந்து எழுதிய குறிப்புகள் அதில் இருந்தன. ஆனால் ஆணையின் எண் இல்லை, நாள் இல்லை, பக்கம் இல்லை. குறை என்னுடையது. மீண்டும் பேருந்து ஏறிச் சென்னைக்குச் சென்றேன்.

'வெள்ளையர் ஆட்சியில் நம் மக்களுக்கு நிலம் வழங்கினார்கள்' என்று எழுதினால் அது செவிவழிச் செய்தி. செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையையும், அதன்பின் 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த வருவாய்த் துறையின் 1010ஆம் எண் அரசாணையையும் குறிப்பிட்டு எழுதினால் அது ஆவணம். முன்னதை எவரும் மறுக்கலாம். பின்னதை மறுப்பவர் காப்பகத்திற்குச் சென்று அந்த ஏட்டைத் திறந்தாக வேண்டும். நம் பாட்டன்மார் சொல் சபையில் ஏறாத காலம் ஒன்று இருந்தது. இன்று நம் சொல்லை ஏற்றிவைக்கும் படிக்கட்டு சான்றுதான்.

இனி, முறைக்கு வருவோம். ஆய்வுக் கட்டுரைக்கு உகந்த எடுத்துக்காட்டாக அண்ணல் அம்பேத்கரின் கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன். 1916 மே 9 அன்று, தம் 25ஆம் வயதில், நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்னும் கட்டுரையை அவர் படித்தார். அது மறு ஆண்டு 'இந்தியன் ஆன்டிக்வரி' என்னும் ஆய்விதழில் அச்சேறியது. இதனைக் குறிப்பிடும்போது ஆறு செய்திகள் வேண்டும்: ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், காலம், பக்கங்கள். கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள்ளும், இதழின் பெயரைச் சாய்வெழுத்திலும் தருவது பெருவழக்கு.

இவற்றை அடுக்கும் வரிசை இதழுக்கு இதழ் மாறும். சிகாகோ முறையில் அடிக்குறிப்பு எழுதினால், பி. ஆர். அம்பேத்கர் எனத் தொடங்கி, தலைப்பு, இதழ், தொகுதி 46, அடைப்புக்குறிக்குள் மே 1917, பக்கம் 81-95 என முடியும். ஏ.பி.ஏ. முறையில் அம்பேத்கர் என்பது முதலில் வரும். முன்னெழுத்துகள் பின்னே செல்லும். அடுத்தே ஆண்டு வந்துவிடும். எம்.எல்.ஏ. முறை என்று மற்றொன்று உண்டு. சட்டமன்ற உறுப்பினர் என்று எண்ணிவிடாதீர்கள்! அது அமெரிக்காவின் நவீன மொழிக் கழகம் வகுத்த முறை. எது சிறந்தது என்று வாதிட வேண்டா. எந்த இதழுக்கு அனுப்புகிறீர்களோ, அதன் நெறிமுறைப் பக்கத்தைப் படியுங்கள். முதல் வரி முதல் கடைசி வரி வரை அதனையே பின்பற்றுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். இதே கட்டுரையின் தொகுதி எண் பல இடங்களில் 41 என்று காணப்படுகிறது. அவ்விதழ் தொடங்கியது 1872இல். ஆண்டுக்கு ஒரு தொகுதி எனக் கணக்கிட்டால் 1917ஆம் ஆண்டிற்குரியது 46. 41ஆம் தொகுதியோ 1912ஆம் ஆண்டினது. உரோம எண்ணில் 46 எழுதும்போது இடையே 'வி' என்னும் எழுத்து வரும். அது விடுபட்டால் 41 ஆகிவிடும். ஒருவர் விட்ட ஓர் எழுத்தை, மூலத்தைப் பாராமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வந்திருக்கின்றனர். அண்ணலின் கட்டுரைக்கே இக்கதி என்றால் நாம் எவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும்! கண்ணால் கண்ட நூலையே குறிப்பிடுங்கள்.

மூலம் கிட்டாதபோது, எதில் கண்டீர்களோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வழியாகவே நம்மில் பலர் படிக்கிறோம். அவ்வாறாயின், இதழின் நாளையும் தொகுப்பின் பக்கத்தையும் ஒருங்கே தருவதே நேர்மை.

நம் வரலாற்றில் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. முதியோர் நாவில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதுங்கால், 'ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறினார்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் இசைவு பெற்று, பெயர், வயது, ஊர், உரையாடிய நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயர் வெளிவந்தால் அவருக்குத் தீங்கு நேரும் என்றால் மட்டும் மறையுங்கள், மறைத்ததையும் சொல்லுங்கள். பேராசிரியர் பெயருக்கு அளிக்கும் இடத்தை நம் பாட்டி பெயருக்கும் அளிப்போம்.

உங்கள் பெயரைப் பற்றியும் ஒன்று. முருகன் மகன் கண்ணன், மு. கண்ணன் என எழுதுவது நம் வழக்கு. அயல்நாட்டு இதழ்கள் குடும்பப் பெயர் கேட்கும். அந்தக் கட்டத்தில் முருகன் என்று நிரப்பிவிட்டால், மகன் உழைப்பு தந்தை பெயரில் ஏறும். எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே வடிவில், ஒரே எழுத்துக்கூட்டில் பெயரைத் தாருங்கள். ஆய்வாளர்க்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் 'ஆர்கிட்' எண்ணையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

குறிப்புகளைச் சேமித்து வரிசைப்படுத்த 'சொடீரோ' போன்ற மென்பொருள்கள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. பயன்படுத்துங்கள்; முடிவில் ஒவ்வொன்றையும் நீங்களே சரிபாருங்கள். கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், உலகில் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் புனைந்து தருவதுண்டு. அத்தகைய பொய்ச்சான்று ஒன்று அகப்பட்டாலும் கட்டுரையிலுள்ள மெய்ச்சான்றுகள் அனைத்தும் ஐயத்திற்கு உள்ளாகும். பிறர் கருத்தை எடுத்தாண்டு பெயர் சொல்லாது விடுவதும் திருட்டே. நம் உழைப்பைப் பிறர் கொண்டுபோன வேதனையை அறிந்த நாம் அதனைச் செய்யலாமா?

இளைஞர்களே! இன்றே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். ஒரு செய்தியை எழுதுமுன், அது எந்த நூல், எந்தப் பக்கம் என்பதை மேலே எழுதுங்கள். இருமுறை சென்னைக்குப் பேருந்து ஏறிய இந்தத் தலைமையாசிரியனின் வேண்டுகோள் இது ஒன்றே. சங்கத்தின் பொன்விழாவில் உங்கள் கட்டுரைகளைப் பிறர் சான்றாகக் காட்டிப் பேசும் நிலை வர வேண்டும் என வாழ்த்துகிறேன்.